படிகளே பயிற்றுவிப்பாளரை ஆக்குகின்றன: ஜோன் கிரெகரியின் உதைபந்து வாழ்வும் டிக்கோயா மைதானங்களும்

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா விளையாட்டரங்கில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில், சொந்த மண்ணில் ஆடிய பெங்களூரு அணியைச் சென்னையின் எஃப்சி 3–2 என்று வென்றது. ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி தலையால் முட்டிய பந்து சென்னையைப் பின்தங்க வைத்தது. ஆனால் இடைவேளைக்குள், மைல்சன் அல்வெஸ் என்ற பிரேசில் நாட்டுப் பின்கள வீரர் இரண்டு கோர்னர் உதைகளைத் தலையால் முட்டிக் கோலாக்கிவிட்டார். மூன்றாவதை மத்தியகள வீரர் ரஃபாயெல் அகஸ்டோ அடித்தார். அந்த அணியின் பயிற்றுவிப்பாளர், 63 வயது ஜோன் கிரெகரி, தம் ஆட்டக் காலத்தில் மத்தியகளத்திலிருந்து ஏறிவந்து கோல் அடிப்பவர் என்று அறியப்பட்ட ஆங்கிலேயர். அவர் பயிற்றுவித்த அணியோ தன் மிகப் பெரிய ஆட்டத்தைப் பின்களத்தானின் தலையால் வென்றது. ஆட்டக்காரனிடமிருந்து பயிற்றுவிப்பாளனிடம் போய்ச் சேருவது எது என்ற கேள்வியை இந்த முரண் எழுப்புகிறது. பிறவித் திறமை என்பது வழக்கமான விடை. கிரெகரியின் பதிவேட்டைப் படித்தால் வேறு விடை கிடைக்கிறது என்பதும், அவ்விடை இலங்கை மலையகத்தின் டிக்கோயா போன்ற தேயிலைத் தோட்டப் பகுதியின் விளையாட்டு வரலாற்றைப் புரிந்துகொள்ளக் கைகொடுக்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கோல் கணக்கையே பார்க்கலாம். 1954இல் ஸ்கன்தோர்ப்பில் பிறந்த கிரெகரி, 1972இல் நோர்தாம்ப்டன் டவுன் என்ற சிறிய கழகத்தில் தொடங்கினார். அங்கே 187 லீக் ஆட்டங்களில் அவர் அடித்தவை 8 கோல்கள். 1977இல் அஸ்டன் வில்லாவுக்கும் 1979இல் பிரைட்டனுக்கும் போய், 1981இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்தை அடைந்தார். அங்கே 161 லீக் ஆட்டங்களில் 36 கோல்கள். இருபத்துமூன்று ஆட்டங்களுக்கு ஒரு கோல் என்றிருந்த கணக்கு, நாலரை ஆட்டங்களுக்கு ஒரு கோல் என்று மாறியது. ஆள் அதே ஆள்; கால் அதே கால். மாறியவை அவர் நின்ற இடம், சுற்றி ஆடியவர்களின் தரம், டெரி வெனபிள்ஸ் என்ற பயிற்றுவிப்பாளரின் ஆட்டமுறை. அந்த அணி 1982இல் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம் வரை சென்று, மறு ஆட்டத்தில் டொட்டன்ஹாமிடம் ஒரு கோலால் தோற்றது. அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவை வென்று முதல் பிரிவுக்கு ஏறியது. 1983–84 பருவத்தில் ஐந்தாம் இடம் பிடித்தது. அந்த ஏற்றத்தில்தான் கிரெகரிக்கு இங்கிலாந்துத் தேசிய அணியில் ஆறு ஆட்டங்கள் கிடைத்தன. அப்போது அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டில் எட்டாதது இருபத்தொன்பதில் எட்டியது. இடையில் இருந்தவை நான்கு கழகங்கள், நான்கு படிகள். ஆக, பிறவிக் கொடையாகத் தோன்றும் கோல் திறனே படிப்படியாக வார்க்கப்பட்ட ஒன்று. அது அவரிடமிருந்து அவர் பயிற்றுவித்த அணிக்கு நேராகப் பாயும் என்று எதிர்பார்ப்பதற்கு இனி இடமில்லை.

பயிற்றுவிப்பாளராக அவர் வளர்ந்த கதையும் இதே வார்ப்புதான். 1989இல் போர்ட்ஸ்மத்தில் ஆடிக்கொண்டே பொறுப்பேற்று, ஓராண்டில் பதவியிழந்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை முடியவில்லை. பிரையன் லிட்டில் என்பவரின் உதவியாளராக முதலில் லெஸ்டரிலும் பின் அஸ்டன் வில்லாவிலும் பல ஆண்டுகள் பின்வரிசையில் நின்றார். 1996இல் வைகொம் வொண்டரர்ஸ் என்ற சிறு கழகத்தில் மறுபடியும் தலைமை. 1998 பெப்ரவரியில் அஸ்டன் வில்லா அவரை அழைத்தது. அடுத்த பருவத்தின் முதல் பன்னிரண்டு லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாமல் அந்த அணி அட்டவணையின் உச்சியில் நின்றது, 2000இல் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் செல்சியிடம் ஒரு கோலால் தோற்றது. பின்னர் டெர்பியில் தரமிறக்கம், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸில் பதவிநீக்கம், இஸ்ரேலில் சில பருவங்கள், அதன்பின் குரோலி. இத்தனைக்கும் பிறகே 2017இல் சென்னை. தோல்விகளின் பட்டியல் வெற்றிகளின் பட்டியலைவிட நீளம். ஆயினும் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் விழுந்தவரைத் தாங்க இன்னொரு படி கீழே இருந்தது. மேலே ஏறுவதற்கு மட்டும் பயன்படுவது ஏணி. விழும்போது கால் ஊன்றவும் இடம் தருவது படிக்கட்டு. இங்கிலாந்துக் கழக அமைப்பின் உண்மையான வலு இந்த இரண்டாவது பயனில் இருக்கிறது.

இதைச் சோதிக்க, கிரெகரியைவிட மிகப் பெரிய கோல் வீரர்களான இரு மத்தியகளத்தாரை அருகில் வைத்துப் பார்க்கலாம். டேவிட் பிளாட் இங்கிலாந்துக்காக 62 ஆட்டங்களில் 27 கோல்கள் அடித்தவர். கிரெகரியோ தேசிய அணிக்காக ஒன்றும் அடிக்கவில்லை. 1998 இறுதியில் இத்தாலியின் சம்ப்டோரியா, தன் பழைய நட்சத்திரம் என்பதால் பிளாட்டை நேராகத் தலைமைப் பதவியில் அமர்த்தியது. அந்நாட்டில் வேண்டப்பட்ட பயிற்றுவிப்பாளர் உரிமம் அவரிடம் இல்லை என்ற சர்ச்சையோடு, ஒரு வெற்றியும் காணாமல் சில வாரங்களில் அவர் விலகினார். அப்பருவத்தில் அக்கழகம் தரமிறங்கியது. 2015இல் அவரே இந்தியன் சூப்பர் லீக்கில் புனே அணிக்குப் பொறுப்பேற்றபோது, எட்டு அணிகளில் ஏழாமிடமே கிடைத்தது. செல்சிக்காக 211 கோல்கள் அடித்த ஃபிராங்க் லம்பார்ட், டெர்பியில் ஒரே பருவம் பயிற்றுவித்துவிட்டு 2019இல் செல்சியின் தலைமைக்கு வந்தார். 2021 ஜனவரியில் நீக்கப்பட்டார். அதே அணி நான்கு மாதங்களில் வேறொருவரின் கீழ் ஐரோப்பியச் சம்பியன் ஆனது. லம்பார்ட் மீண்டெழுந்ததும் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கிய பின்னரே: 2024 நவம்பரில் பதினேழாம் இடத்திலிருந்த கொவென்ட்ரியை ஏற்று, பருவ முடிவில் ஐந்தாமிடத்துக்குக் கொண்டுவந்தார். மூன்று பேரை வைத்து விதி வகுக்க முடியாது. ஆனால் கோல் எண்ணிக்கையே பயிற்றுவிப்பாளனை ஆக்குகிறது என்ற கூற்று பொய்ப்படுவதற்கு இந்த மூவர் போதும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். சென்னையில் கிரெகரி பெற்ற கிண்ணம் வெறும் அதிர்ஷ்டமாக இருந்திருக்கலாமே? 2017–18இல் 18 ஆட்டங்களில் 32 புள்ளிகளோடு இரண்டாமிடம் பெற்ற அணி, அடுத்த பருவத்தில் இரண்டே வெற்றிகளும் 9 புள்ளிகளுமாக அட்டவணையின் அடியில் கிடந்தது. 2019 நவம்பர் இறுதியில், மூன்றாம் பருவத்தின் ஆறு ஆட்டங்களுக்குப் பின் கிரெகரி விலகினார். அவருக்குப் பின் வந்த ஓவன் கொயில் அதே அணியை இறுதியாட்டம் வரை இட்டுச் சென்றார். மறுப்பு வலுவானது, அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது அடிப்பது மேதைமை வாதத்தை. படிக்கட்டு வாதத்தை அல்ல. பயிற்றுவிப்பாளனின் திறன் அவனுக்குள் பூட்டிவைத்த சொத்தாக இருந்தால், பன்னிரண்டு மாதத்தில் அது கரைந்திருக்காது. கரைந்தது அவனைச் சுற்றியிருந்த அமைப்பு: பின்களத்தைக் கட்டிக்காத்த தலைவர் ஹென்றிக் செரெனோ போய்விட்டார், மத்தியகளத்தின் தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தால் அப்பருவம் முழுவதும் ஆடவில்லை. அந்த அடிமட்ட நாட்களில்தான், 2019 மார்ச் 6 அன்று, கிரெகரியின் அணி ஆசியக் கழகக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்காகக் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கொழும்பு எஃப்சியைச் சந்தித்தது. தன் நாட்டு லீக்கில் கடைசியாக வந்த அணியோடு இலங்கையின் முன்னணிக் கழகம் கோலின்றிச் சமன் செய்தது. ஒரு வாரம் கழித்து அகமதாபாத்தில் ஒரே கோலால் வெளியேறியது. இரு ஆட்டங்களுக்கும் சேர்த்து இடைவெளி ஒரு கோல்தான். எனில் இலங்கையில் ஆட்டத் திறன் இல்லை என்று சொல்ல முடியாது. இல்லாதது அதற்கு அடியில் இருக்கவேண்டிய அடுக்கு.

அந்த அடுக்கு எப்படி இருக்கும் என்பதற்கு மேலே சொன்ன தன்பால் கணேஷே சான்று. வடசென்னையின் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த தமிழர் அவர். 2018 அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் கோவாவை 3–0 என்று வீழ்த்தியபோது அவற்றில் ஒரு கோல் அவருடையது. வியாசர்பாடி வசதியான இடம் அல்ல. அதன் மைதானம் மண் மைதானம். ஆனால் அந்த மண்ணுக்கு மேலே தெருக் குழு, தெருக் குழுவுக்கு மேலே சென்னை லீக் கழகங்கள், அவற்றுக்கு மேலே தேசிய இளையோர் அணி, அதற்கு மேலே தொழில்முறைக் கழகம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு நின்றது. அதே சென்னையின் அணியில் உதவிப் பயிற்றுவிப்பாளராக நின்ற சையது சபீர் பாஷாவும், முன்னாள் இந்திய முன்கள வீரர், சென்னை லீக் வழியாக வந்தவர். வறுமை தடை என்பது உண்மை. அது ஒன்றே தடை என்பது உண்மையல்ல. வியாசர்பாடியின் வறுமையும் தோட்டத்து வறுமையும் அளவில் பெரிதும் வேறுபடாதபோது, விளைவு வேறுபடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

டிக்கோயாவில் மைதானப் பஞ்சம் இருந்ததில்லை. கோப்பிப் பயிர் நோயால் அழிந்து தேயிலை வேரூன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே, தோட்டத் துரைமார் அங்குள்ள தரவளையில் தமக்கொரு விளையாட்டுக் கழகம் அமைத்துக்கொண்டனர். டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகம் என்ற பெயரில் கிரிக்கெட்டும் ரக்பியும் அங்கே செழித்தன. அந்தப் புல்வெளியைச் சமப்படுத்தவும் பேணவும் வேண்டிய உழைப்பு தோட்டத்தின் உழைப்பு. அங்கே ஆடும் உரிமை மட்டும் துரைக்கு. அருகிலுள்ள ஹட்டனில் டன்பார் மைதானம் உண்டு. நோர்வூட்டில் சௌமியமூர்த்தி தொண்டமான் பெயரிலான விளையாட்டரங்கு உண்டு. 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையைத் திறந்துவைத்துவிட்டு மலையக மக்களிடம் உரையாற்றியது அந்த நோர்வூட் மைதானத்தில்தான். உலகம் அந்த மைதானத்தைப் பார்த்தது ஒரு கூட்டத்துக்காக. ஓர் ஆட்டத்துக்காக அல்ல. மைதானம் இருப்பதும் மைதானத்திலிருந்து வழி இருப்பதும் வெவ்வேறு. வழியை முதலில் அடைத்தது புல்லோ பந்தோ அல்ல, சட்டம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பெருமளவு தீர்ந்தது. தேசிய அணியின் சட்டையை அணியக் குடியுரிமை வேண்டும். உச்சிப் படி இல்லாத இடத்தில் கீழ்ப் படிகளைக் கட்ட எவருக்கும் தூண்டுதல் இராது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் என்பது ஆட்டக்காரர், பயிற்றுவிப்பாளர் என இரு தலைமுறைகளின் ஆட்டக் காலம்.

இதற்கு எதிராக முத்தையா முரளிதரனைக் காட்டுவோர் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவரின் பேரன் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தாரே. திறமை இருந்தால் தடை எதுவும் நிற்காதே என்பது அவர்கள் வாதம். முரளியின் வரலாறு இதற்கு நேர் எதிரானதையே சொல்கிறது. அவர் கண்டியில் வணிகம் செய்த குடும்பத்தின் பிள்ளை. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். வேகப்பந்து வீசிய பதினான்கு வயதுப் பையனைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் அக்கல்லூரிப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. பாடசாலை, பயிற்றுவிப்பாளர், பாடசாலைகளுக்கிடையிலான போட்டி என மூன்று படிகள் அவர் காலடியில் இருந்தன. தோட்ட லயத்து வாசலில் பந்தெறிந்த அதே வயதுப் பையனுக்கு அவற்றில் எதுவும் இல்லை. இன்னொரு மறுப்பு, இங்கிலாந்தோடு டிக்கோயாவை ஒப்பிடுவதே நியாயமா என்பது. செல்வத்தில் ஒப்பிடுவது நியாயமல்லதான். ஆனால் இங்கே ஒப்பிடப்படுவது செல்வம் அல்ல, அமைப்பின் வடிவம். நோர்தாம்ப்டன் செல்வக் கழகம் அல்ல, வைகொம்மும் அல்ல. அவை கீழ்ப் படியாக இருந்ததே அவற்றின் சிறப்பு. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே ஃபீஃபா இடைநிறுத்தி, அவ்வாண்டு ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. மேல் படியே ஆடும் நாட்டில் கீழ் படிகளின் நிலை சொல்லாமலே விளங்கும்.

இந்த வாசிப்பின்படி, மலையகம் தன் உதைபந்தாட்டத்துக்கு வேண்டுவதைக் கேட்கும் முறையும் மாற வேண்டும். புதிய அரங்கம் கேட்பதும், பெரிய நட்சத்திரம் ஒருவர் ஒரு நாள் வந்து பந்துதைத்துப் போவதைக் கொண்டாடுவதும் தலைகீழான வரிசை. பொங்கலுக்கும் சித்திரைக்கும் மட்டும் நடக்கும் சுற்றுப்போட்டியில் தோற்ற அணி அடுத்த ஆண்டு வரை கலைந்துவிடுகிறது. வாராந்த லீக்கில் தோற்ற அணி அடுத்த சனிக்கிழமை மீண்டும் ஆடுகிறது. தோட்டங்களுக்கிடையே வயதுப் பிரிவு வாரியாக ஆண்டு முழுதும் நடக்கும் லீக், ஆட்டத்தை விட்ட இளைஞர் ஆசியச் சம்மேளனத்தின் தொடக்கநிலை உரிமம் பெற்று அதே மைதானத்தில் பயிற்றுவிப்பாளராக நிற்கும் ஏற்பாடு, அவர் முதல் பருவத்தில் தோற்றாலும் இரண்டாம் பருவத்தில் அவரை வைத்துக்கொள்ளும் கழகம்: கிரெகரியின் வாழ்வு சுட்டுபவை இவையே. போர்ட்ஸ்மத்தில் அவர் பதவியிழந்த 1990இலேயே கதவு சாத்தப்பட்டிருந்தால், 28 ஆண்டுகள் கழித்துப் பெங்களூரில் சென்னை கிண்ணம் தூக்கியபோது அணியின் ஓரத்தில் வேறொருவர் நின்றிருப்பார். டிக்கோயாவில் அந்தக் கதவு ஒருமுறை சட்டத்தால் சாத்தப்பட்டது. இன்று அதைச் சாத்தி வைத்திருப்பது, முதல் தோல்விக்குப் பின் நிற்க ஓர் இடம் இல்லாமை.