குடிசார் பொறியியல் இளநிலைப் படிப்பு: பாடத்திட்டத்தின் வரலாறு

சாலை, பாலம், கட்டடம், அணை, கால்வாய், குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை முதலிய பொதுப்பணிகளை வடிவமைக்கவும் கட்டவும் காக்கவும் மாணவரைத் தயார்செய்யும் பல்கலைக்கழகப் படிப்பு குடிசார் பொறியியல். இந்தியாவில் பி.இ. அல்லது பி.டெக். பட்டத்துக்காக எட்டுப் பருவங்களில் நடத்தப்படுகிறது. மாணவர் வழக்கில் 'சிவில்'. பல நாடுகளில் சுற்றுச்சூழல் பொறியியலும் இதே துறைக்குள் அடங்கும். நில அளவை, பொருள்களின் வலிமை, பாய்ம இயக்கவியல், மண் இயக்கவியல், கட்டமைப்புப் பகுப்பாய்வு, கான்கிரீட் வடிவமைப்பு, நீர்ப்பாசனம், போக்குவரத்து, குடிநீரும் கழிவுநீரும் என்று பாடங்கள் எங்கும் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. இந்த வரிசையை எந்தக் குழுவும் ஒரே அமர்வில் வகுக்கவில்லை. வரி வசூல், பஞ்சம், காலரா, இடிந்த பாலம் என வெளியே ஏதோ ஒன்று நெருக்கியபோதெல்லாம் ஒரு பாடம் உள்ளே வந்தது. சுற்றுச்சூழல் பாடங்கள் பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டவை என்ற எண்ணம் மாணவரிடையே பரவலாக உண்டு. பாடத்திட்டத்தின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

பிரெஞ்சுத் தொடக்கம்

பிரான்ஸ் அரசு 1716இல் பாலங்களுக்கும் சாலைகளுக்குமென ஒரு பொறியாளர் படையை அமைத்தது. நாடு முழுவதும் சாலை போட வேண்டுமானால் முதலில் சரியான வரைபடம் வேண்டும். அதற்காகப் பாரிசில் ஏற்பட்ட வரைவாளர் அலுவலகம்தான் 1747இல் பள்ளியானது. பொறுப்பேற்ற ழான் ரொடோல்ப் பெரோனே 1794இல் இறக்கும்வரை அதன் தலைவராக இருந்தார். அவருடைய பள்ளியில் நெடுங்காலம் நிரந்தரப் பேராசிரியர்கள் கிடையாது. கணிதத்திலும் இயக்கவியலிலும் தேர்ந்த மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டுமானம் நடக்கும் இடங்களுக்குப் போய் வேலை பழகினார்கள். வரைபடம், பால வடிவமைப்பு ஆகியவற்றில் போட்டிகள் நடந்தன. இன்று 'செயல்வழிக் கற்றல்' என்று புதுமையாகப் பேசப்படுவதெல்லாம் அங்கே அன்றாடப் பழக்கமாக இருந்தது.

புரட்சிக்குப் பின் 1794இல் தொடங்கிய எக்கோல் பாலிடெக்னிக் இந்த முறையைப் புரட்டிப்போட்டது. முதலில் கணிதமும் அறிவியலும், பிறகு தனிப்பள்ளியில் தொழில் என்பது அதன் ஏற்பாடு. முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல், பொறியியல் வரைபடம் என்று வருகிற இன்றைய அட்டவணையின் வேர் இதுதான். அந்த வரைபடப் பாடத்துக்கு அடிப்படையான விவரண வடிவியலை உருவாக்கிய காஸ்பார் மோன்ஜ், மெசியேர் ராணுவப் பள்ளியில் அதைக் கண்டறிந்தபோது ராணுவ ரகசியமாகக் காக்க வைக்கப்பட்டார். கோட்டை கட்டுவோருக்கு மட்டும் தெரிந்திருந்த அந்த முறை புரட்சியால்தான் பொதுவகுப்பறைக்கு வந்தது.

பாலங்களுக்கான பள்ளியில் லூயி நவியே நடத்திய பயன்முறை இயக்கவியல் வகுப்புகள் 1826இல் நூலாக வந்தன. உத்திரம் எந்தப் பளுவில் முறியும் என்று மட்டும் தேடிக்கொண்டிருந்த பொறியாளர்களை, அன்றாடப் பளுவில் அது எவ்வளவு வளைகிறது, உள்ளே தகைவு எவ்வளவு என்று கேட்க வைத்த நூல் அது. பொருள்களின் வலிமை என்ற பாடம் இன்றும் அந்தக் கேள்வியைத்தான் நடத்துகிறது.

பிரிட்டனும் அமெரிக்காவும்

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே ஒரு பொறியாளரிடம் பணம் கட்டிப் பயிற்சியாளராகச் சேர்வதுதான் வழி. குடிசார் பொறியாளர் கழகம் 1818இல் தொடங்கிய பிறகும் அந்தத் தொழில் பல்கலைக்கழகத்தை நம்பவில்லை. கிளாஸ்கோவில் 1840இல் ஏற்பட்ட பேராசிரியர் பதவிக்கு 1855இல் வந்த வில்லியம் ராங்கின், கோட்பாட்டையும் களத்தையும் இணைத்து எழுதிய பாடநூல்களால் அந்த அவநம்பிக்கையைக் குறைத்தார். தாங்குசுவரின்மீது மண் தரும் அழுத்தத்தைக் கணக்கிட மாணவர்கள் இன்றும் அவர் பெயரிலான கோட்பாட்டையே முதலில் படிக்கிறார்கள்.

அமெரிக்கா பிரெஞ்சு வழியைப் பின்பற்றியது. வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளி 1817 முதல் சில்வேனஸ் தேயரின் தலைமையில் பிரெஞ்சுப் பாடநூல்களைக் கொண்டே நடந்தது. ரென்சலர் நிறுவனம் 1835இல் அந்நாட்டின் முதல் குடிசார் பொறியியல் பட்டங்களை வழங்கியது.

இந்தியா: நில அளவையும் பஞ்சமும்

மதராசில் 1794ஆம் ஆண்டு மே மாதம் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலரும் அளவையாளருமான மைக்கேல் டாப்பிங் அதற்குக் காரணமானவர். பாரிசில் பாலிடெக்னிக் பிறந்த அதே ஆண்டு. நோக்கம் மட்டும் வேறு. கம்பெனிக்குப் புதிதாகக் கைவந்த நிலத்தை அளக்க ஆள் வேண்டியிருந்தது. அந்தப் பள்ளி 1858இல் குடிசார் பொறியியல் பள்ளியாகவும் அடுத்த ஆண்டே கல்லூரியாகவும் வளர்ந்து, 1920இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியல் கல்லூரி அதுவே. நில அளவை இன்றும் தொடக்கப் பருவங்களிலேயே வருவதும், கூடாரமடித்துத் தங்கும் 'சர்வே கேம்ப்' சிவில் மாணவருக்கு மட்டும் உரிய சடங்காக நிலைத்திருப்பதும் இந்தப் பிறப்பின் அடையாளங்கள். கோணம் அளக்கும் தியோடலைட்டின் இடத்துக்கு மின்னணுக் கருவியான டோட்டல் ஸ்டேஷன் வந்தாலும், வெயிலில் நின்று அளந்து, மாலையில் கணக்குப் பார்த்து, பிழை கூடினால் மறுநாள் திரும்பவும் அளக்கும் ஒழுங்கு மாறவில்லை. எட்டுப் பருவங்களில் நிலம் நேரடியாக மாணவரைத் திருத்தும் நாள்கள் இவையே என்பதால், கேம்ப் நாள்களைக் குறைக்கும் எந்த முயற்சியும் படிப்பின் ஆணிவேரை அசைப்பதாகும்.

வடக்கே பஞ்சம் ஒரு கல்லூரியை உண்டாக்கியது. 1837-38இல் கங்கை யமுனைச் சமவெளியில் வந்த கொடும் பஞ்சத்துக்குப் பின் கங்கைக் கால்வாய்த் திட்டம் உருப்பெற்றது. பிராபி காட்லி அதை நடத்தினார். வேலைக்கு வேண்டிய பொறியாளர்களும் ஓவர்சியர்களும் கிடைக்கவில்லை. எனவே கால்வாயின் மிகக் கடினமான பகுதியான சோலானி நீர்ப்பாலம் எழுந்துகொண்டிருந்த ரூர்க்கியிலேயே, ஜேம்ஸ் தாமசனின் முயற்சியால் 1847இல் கல்லூரி திறக்கப்பட்டது. பாடம் நடத்தும் அறைக்கு அருகிலேயே ஆற்றின் மேல் ஒரு கால்வாய் கட்டப்படுவதைப் பார்த்துப் படித்த மாணவர்கள் அவர்கள். கால்வாய் 1854இல் திறக்கப்பட்டது. புனேயும் கல்கத்தாவும் சில ஆண்டுகளில் தங்கள் கல்லூரிகளைப் பெற்றன. பிற்காலத்தில் அணைகளாலும் மைசூர் அரசுப் பணியாலும் புகழ்பெற்ற விஸ்வேஸ்வரய்யா புனேயில் படித்தவர்.

இந்தக் கல்லூரிகளுக்கு ஒரு குறையும் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டது. பொதுப்பணித் துறைக்கு ஆள் தருவதே அவற்றின் வேலை. ரூர்க்கியில் பொறியாளர், மேல்நிலை உதவியாளர், கீழ்நிலை உதவியாளர் என்று வகுப்புகளே அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தன. மேல் அடுக்கு பெரும்பாலும் ஐரோப்பியருக்கு. துறையின் உயர்பதவிகளுக்காக இங்கிலாந்திலேயே கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் தனிக் கல்லூரி ஒன்று 1906 வரை நடந்தது. ஏரி, கண்மாய், மதகு, கலிங்கு என்று தமிழகத்தில் நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த நீர் அறிவை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் போன்ற ஓரிருவர் மதித்துக் கற்றார்கள். பாடத்திட்டம் அதைத் தனக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. இது இன்றும் ஈடு செய்யப்படாத இழப்பு.

பெண்களுக்குக் கிண்டியின் கதவு 1940களில்தான் திறந்தது. அப்போது குடிசார் பொறியியல் படித்த பி.கே. திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

குடிநீரும் கழிவுநீரும்

சுற்றுச்சூழல் பொறியியலின் பழைய பெயர் சுகாதாரப் பொறியியல். அதைப் பெற்றெடுத்தது காலரா. லண்டனில் 1854இல் மருத்துவர் ஜான் ஸ்னோ ஒரு தெருக்குழாயோடு நோயைத் தொடர்புபடுத்திக் காட்டினார். தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்தையே கலங்கடித்த 1858ஆம் ஆண்டுக் கோடைக்குப் பின், ஜோசப் பசல்ஜெட் நகரத்தின் அடியில் மாபெரும் சாக்கடை வலையைக் கட்டினார். ஆனால் கட்டுவது வேறு, கற்பிப்பது வேறு. இதைப் பாடமாக்கிய பெருமை அமெரிக்காவின் மாசசூசெட்சைச் சேரும்.

மெரிமாக் ஆற்றின் மேலே லோவெல் நகரம் தன் கழிவைக் கலந்தது. கீழே லாரன்ஸ் நகரம் அதே நீரைக் குடித்தது. லாரன்சில் டைபாய்டு ஓயவில்லை. மாநிலச் சுகாதார வாரியம் 1887இல் அங்கே ஒரு பரிசோதனை நிலையத்தை அமைத்தது. பொறியாளர் ஹைரம் மில்ஸ், உயிரியலர் வில்லியம் செட்ஜ்விக், நீர் வேதியியலில் தேர்ந்த எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ் ஆகியோரின் அறிவு இந்தப் பணியில் ஒன்றுசேர்ந்தது. மணல் வடிகட்டி நீரிலுள்ள கிருமிகளை எப்படிக் குறைக்கிறது என்று அளந்து காட்டினார்கள். லாரன்சில் 1893இல் வடிகட்டி இயங்கத் தொடங்கியதும் டைபாய்டுச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. 1889இலேயே சுகாதாரப் பொறியியலை இளநிலைப் படிப்பாக்கியிருந்தது. செட்ஜ்விக்கும் ரிச்சர்ட்சும் அங்கே ஆசிரியர்கள். அதுவரை கணிதமும் கல்லும் இரும்புமாக இருந்த படிப்புக்குள் நுண்ணோக்கியும் பியூரெட்டும் நுழைந்தன.

அதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளுக்குள் இந்தப் பாடத்தின் உடல் முழுமையாக உருவாகிவிட்டது என்றே சொல்லலாம். ஜெர்சி சிட்டி 1908இல் தன் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கியது. மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் 1914இல் செயலூட்டிய சேற்று முறையை வெளியிட்டனர். கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, பெருகும் நுண்ணுயிர்ச் சேற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இந்த முறைதான் பெருநகரச் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்றும் மிகுதியாக இயங்குகிறது. அதே 1914இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் செயல்படத் தொடங்கின. கழிவு கலந்த ஆற்றில் ஆக்சிஜன் எப்படிக் குறைந்து, பின் மீள்கிறது என்பதை ஓஹையோ ஆற்றை வைத்து ஸ்ட்ரீட்டரும் பெல்ப்சும் 1925இல் சமன்பாடாக்கினர். கலங்கல் தெளிய எவ்வளவு படிகாரம் வேண்டும் என்று குடுவைகளில் கலக்கிப் பார்ப்பது, ஐந்து நாள் அடைத்து வைத்த புட்டியில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று அளப்பது ஆகியவை சிவில் மாணவரின் ஆய்வகப் பதிவேட்டில் இன்றும் இடம்பெறுகின்றன.

மண், இடிபாடு, கணினி

மண்ணைப் பற்றிய பாடம் வியப்பூட்டும் அளவுக்கு இளையது. கூலோமும் ராங்கினும் தாங்குசுவருக்குக் கணக்குத் தந்திருந்தாலும், களிமண் ஏன் ஆண்டுக்கணக்கில் மெல்ல அமுங்குகிறது என்பது 1920கள்வரை தெளிவாகவில்லை. இஸ்தான்புல்லில் எளிய கருவிகளோடு ஆராய்ந்த கார்ல் டெர்சாகி, மண்ணின் மொத்தத் தகைவிலிருந்து துளைநீரின் அழுத்தத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதைக் கண்டார். அவருடைய நூல் 1925இல் வந்தது, அவ்வாண்டே எம்.ஐ.டி. அவரை அழைத்துக்கொண்டது. மண் இயக்கவியல் அதன் பிறகே பட்டப்படிப்புகளில் பரவியது.

கட்டமைப்புப் பாடங்களை வளர்த்ததில் விபத்துகளுக்கும் பங்குண்டு. ஸ்காட்லாந்தின் டே பாலம் 1879இல் புயலில் விழுந்ததால் காற்றுப் பளு கவனத்துக்கு வந்தது. கனடாவின் கியூபெக் பாலம் 1907இல் கட்டும்போதே சரிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாலத்தின் நீளத்தைக் கூட்டியவர்கள் அதன் சொந்த எடையை மறுபடி கணக்கிடவில்லை. 2001ஆம் ஆண்டுக் குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின், பொறியியல் ஆசிரியர்களுக்கே நிலநடுக்கப் பொறியியலைப் பயிற்றுவிக்கும் தேசியத் திட்டம் ஒன்றை 2003இல் இந்திய அரசு தொடங்க வேண்டியிருந்தது.

தொடர் உத்திரங்களையும் சட்டகங்களையும் கையால் தீர்க்க ஹார்டி கிராஸ் 1930இல் தந்த திருப்புத்திறன் பகிர்வு முறை இரண்டு தலைமுறைகளுக்கு வழிகாட்டியது. கணினி வந்தபின் அதன் தேவை குறைந்தாலும், பளு எந்தப் பக்கம் நகர்கிறது என்ற உணர்வைத் தருவதால் அதை நீக்க ஆசிரியர்களுக்கு மனம் வருவதில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 1955இல் வந்த கிரின்டர் அறிக்கை பொறியியல் படிப்பை அறிவியலின் பக்கம் திருப்பியது. பட்டறை, வரைபடம், நில அளவை ஆகியவற்றின் நேரம் அங்கே சுருங்கத் தொடங்கியது.

சுற்றுச்சூழல் என்ற பெயரில்

1970களில் அமெரிக்காவில் தூய நீர், தூய காற்றுச் சட்டங்கள் வந்தபோது சுகாதாரப் பொறியியல் காற்று மாசு, திடக்கழிவு, நிலத்தடி நீர் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு சுற்றுச்சூழல் பொறியியலாக விரிந்தது. துறைகளின் பெயர்ப்பலகைகளும் மாறின. இந்தியாவில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. நாகபுரியிலிருந்த பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆய்வு நிறுவனம் அதே ஆண்டு 'நீரி' என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமானது. 1984ஆம் ஆண்டு போபால் பேரழிவுக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இலும் 2003இலும் தந்த ஆணைகளால் சுற்றுச்சூழல் கல்வி எல்லா மாணவருக்கும் கட்டாயமானது.

இந்தக் கட்டாயம் சிவில் துறைக்கு முழு நன்மையாக அமையவில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2018ஆம் ஆண்டு மாதிரிப் பாடத்திட்டம் மொத்த மதிப்பலகை 160 ஆகக் குறைத்தபோது, சுற்றுச்சூழல் அறிவியலை மதிப்பலகு இல்லாத பாடமாக வைத்தது. தேறினால் போதும் என்ற மனநிலை அதிலேயே எழுதப்பட்டுவிட்டது. குடிநீரும் கழிவுநீரும் கட்டாயப் பாடங்களாக நீடிப்பது ஆறுதல். ஆயினும் திடக்கழிவும் காற்று மாசும் பெரும்பாலும் விருப்பப் பாடங்களாகவே நிற்கின்றன.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார் பொறியியலைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. கொத்தனாரும் மேஸ்திரியும் பேசும் மொழியும் வகுப்பு மொழியும் ஒன்றானால் களத்தில் பிழை குறையும் என்பதால் இம்முயற்சி நல்ல பாடநூல்களோடு வளர வேண்டியது.

இப்போது பாடத்திட்டத்தை நெருக்குவது மழை. வடிகால் வடிவமைக்க மாணவர் கற்கும் 'ரேஷனல்' வாய்பாடு 19ஆம் நூற்றாண்டினது. பரப்பு, மழையின் செறிவு, நீர் வழிந்தோடும் விகிதம் மூன்றையும் பெருக்கினால் கால்வாயில் வரும் நீர் கிடைக்கும். முன்பு பெய்தபடியேதான் இனியும் பெய்யும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. ஏரிகளின் நீர்ப்பிடிப்பும் சதுப்பும் கட்டடங்களாகிவிட்ட ஊரில் வழிந்தோடும் விகிதமும் பழையபடி இல்லை என்பதைச் சென்னை 2015 டிசம்பர் வெள்ளத்தில் கண்டது. தேர்வுத்தாளில் மழையின் செறிவு தரப்பட்ட எண்ணாகவே வருகிறது. மாணவர் தம் ஊர் மழைப் பதிவேட்டிலிருந்து அதைத் தாமே கணக்கிட்டு, கடைசி முப்பது ஆண்டுகளைத் தனியே எடுத்தால் விடை எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிடும்படி நீரியல் பாடம் திருத்தப்பட வேண்டும். அதற்குப் புதிய ஆய்வகமோ கூடுதல் பருவமோ தேவையில்லை.