காப்புக்கட்டு பூ எங்கே வளருது? சேலம், நாமக்கல் சமவெளியின் சொந்தச் செடிகளும் அவை வாழும் இடங்களும்

பொங்கலுக்கு முதல் நாள் சேலம், நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் என எந்த ஊர் கடைவீதிக்குப் போனாலும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். ரோட்டோரமாகச் சாக்கு விரித்து பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் கட்டுக்கட்டாக விற்றுக்கொண்டிருப்பார்கள். கூடவே வேப்பிலை, மாவிலை இருக்கும். சில இடங்களில் தும்பை, பிரண்டை, நாயுருவியும் சேரும். வாங்கிட்டுப் போய் வாசல் நிலை, மாட்டுக் கொட்டகை, கிணற்றடி, வண்டி என எல்லா இடத்திலும் செருகினால் காப்புக்கட்டு முடிந்தது.

கிராமங்களில் இது காசு கொடுத்து வாங்குகிற பொருளாகவே இருந்ததில்லை. "காட்டுப் பக்கம் போய் ரெண்டு கொத்து ஒடிச்சுட்டு வா" என்று வீட்டுப் பிள்ளைகளை அனுப்புவார்கள். இப்போது கிராமத்துக்காரர்களே டவுனுக்கு வந்து கட்டு வாங்குகிறார்கள். அப்படியானால் அந்தச் செடிகள் எங்கே போயின? அவை எங்கெல்லாம் வளரும்? விரிவாகப் பார்க்கலாம்.

சொந்தச் செடி என்றால் என்ன?

மனிதர்கள் கொண்டுவந்து நடாமல், ஒரு மண்ணில் இயற்கையாகவே நெடுங்காலமாக வாழ்ந்துவரும் செடிதான் அந்த மண்ணின் சொந்தச் செடி. அந்த ஊர் மழை, மண், பூச்சி, பறவை எல்லாவற்றோடும் அதற்கு உறவு இருக்கும்.

நம்ம ஊர்ச் செடி என்று நாம் நினைக்கும் பல செடிகள் வெளியூரிலிருந்து வந்தவை. சேலம், நாமக்கல் என்றாலே நினைவுக்கு வரும் மரவள்ளி, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற கொடுக்காப்புளியும், வேலியோரச் சப்பாத்திக்கள்ளியும், ரயில் கற்றாழையும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா.

அதற்காக இவற்றையெல்லாம் வில்லனாக்க வேண்டியதில்லை. மரவள்ளியை நம்பி இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நட்ட இடத்தில் நிற்கும் செடியால் பெரிய தொல்லை இல்லை. தானாகப் பரவி, மற்றச் செடிகளின் இடத்தைப் பிடிக்கும் செடிதான் சிக்கல்.

மலைச் செடிகள் வேறு, சமவெளிச் செடிகள் வேறு

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். குளிர், மழை, மண் எல்லாமே மாறுவதால் மேலே வளர்வது கீழே வளராது. சேர்வராயன் மலை, கொல்லிமலை, கல்வராயன் மலை, போதமலை ஆகியவற்றின் தாவரங்கள் தனி உலகம். ஏற்காட்டில் ஆர்க்கிட் செடிகளைப் பாதுகாப்பதற்கென்றே இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் மையம் 1963-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. மலைகளில் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடாகவும் இருக்கிறது.

சமவெளிச் செடிகளுக்கு அப்படியொரு காப்பு கிடையாது. உழாத தரிசு, வேலி, இட்டேரி, ஏரிக்கரை, ஆற்றங்கரை, கரடு என்று மனிதர்கள் மிச்சம் விட்ட இடங்களில்தான் அவை பிழைத்துக் கிடக்கின்றன. 1997-ல் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமானது. ஆனால் செம்மண்ணும் வறட்சியும் இரு மாவட்டச் சமவெளிக்கும் பொதுதான்.

1. மேட்டுக்காடும் தரிசும்

காப்புக்கட்டுப் பூக்களின் தாய்வீடு இதுதான். ஆவாரை, கல்லும் செம்மண்ணும் கலந்த காய்ந்த நிலத்தில் புதராக வளரும். ஆடு மாடுகள் பெரும்பாலும் இதைத் தொடாது. அதனால் மேய்ச்சல் நிலத்திலும் தப்பித்துவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். தோல் பதனிடும் தொழிலில் ரசாயனங்கள் வருவதற்கு முன்பு ஆவாரம்பட்டைக்குப் பெரிய கிராக்கி இருந்தது. இந்தப் பூதான் தெலங்கானாவின் மாநிலப் பூ.

பூளைப்பூவைச் சிறுபீளை என்றும் சொல்வார்கள். கூரையில் செருகுவதால் கொங்குப் பக்கம் கூரைப்பூ என்ற பெயரும் உண்டு. பஞ்சு ஒட்டியது போல வெள்ளைப் பூ. வரப்பு, உழாமல் விட்ட காடு, மணற்பாங்கான ஓரங்களில் முளைக்கும். தும்பை, துத்தி, எருக்கு, நாயுருவி, குப்பைமேனி ஆகியவையும் இதே இடத்து ஆட்கள். களை என்று நாம் ஒதுக்கினாலும் இவற்றை நம்பி உயிர்கள் இருக்கின்றன. எருக்க இலையைத் தின்றே புழுப்பருவத்தைக் கழிக்கும் வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. தும்பைப்பூவில் தேனீக்கள் மொய்ப்பதைக் காலையில் பார்க்கலாம்.

மரம் என்று பார்த்தால் வேம்பு, வெள்வேல், இலந்தை. மேட்டுக்காட்டின் அடையாளமான பனை, தமிழ்நாட்டின் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது.

2. உயிர்வேலியும் இட்டேரியும்

கொங்குப் பகுதிக்கே உரிய சொல் இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டித்தடம். அந்த வேலி கம்பி வேலி இல்லை, உயிர்வேலி. அதில் முக்கியமானது கிளுவை. போத்தை வெட்டி வரிசையாக நட்டாலே வேர் பிடித்துவிடும். கோடையில் இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். ஒரு மழை விழுந்தால் துளிர்க்கும். முள் இருப்பதால் மாடு தாண்டாது, தழை ஆட்டுக்குத் தீனி.

கிளுவைக்கு நடுவே சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் நிற்கும். அவற்றின் மேல் கொடிகள் ஏறும். கோவை, பிரண்டை, வேலிப்பருத்தி, முடக்கத்தான், தூதுவளை, முசுமுசுக்கை, குன்றிமணி என ஒரே வேலியில் ஒரு சின்னக் காடே இருக்கும். சளி பிடித்தால் தூதுவளை ரசம், கால்வலிக்கு முடக்கத்தான் தோசை என்று சமையலறைக்குப் போனதெல்லாம் இந்த வேலியிலிருந்துதான். கீரிக்கும் ஓணானுக்கும் செம்போத்துக்கும் வீடும் இதுதான்.

3. ஏரிக்கரையும் ஓடையும்

திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி என்று மலைகளில் பிறந்து சமவெளிக்கு வரும் ஆறுகளும், அவற்றால் நிரம்பும் ஏரிகளும் இரு மாவட்டங்களிலும் நிறைய. கரைகளில் நொச்சி, புங்கன், நாவல் வளரும். ஈரம் நிற்கும் இடத்தில் நீர்முள்ளி, வல்லாரை, கோரை. நொச்சியின் வேர் கரை மண்ணைப் பிடித்துவைக்கும். நொச்சித்தழையைத் தானியக் குதிருக்குள் போட்டுவைப்பதும், ஆவி பிடிப்பதும் பழைய வழக்கம்.

ஏரிகளுக்குள் நிற்கும் கருவேலமும் இந்த மண்ணின் மரம்தான். ஆனால் பல ஏரிகளில் அது தோப்பாக நிற்பதற்குக் காரணம், சமூகக் காடுகள் திட்டத்தில் வரிசையாக நட்டதுதான்.

4. காவிரிக்கரை

மேட்டூர் அணையிலிருந்து இறங்கும் காவிரி பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் வழியாகப் போகிறது. வருஷம் முழுக்க ஈரம் இருப்பதால் இங்கே ஓங்கிய மரங்கள். நீர்மருதுதான் இந்தக் கரையின் ராஜா. வழவழப்பான வெளிர்ப் பட்டை, ஐந்து சிறகு வைத்தது போன்ற காய் என்று இதைச் சுலபமாக அடையாளம் காணலாம். நாவல், அத்தி, இலுப்பை, புங்கன் ஆகியவையும் கரையோரம் வளரும்.

5. கரடு

சமவெளிக்கு நடுவே தனியாக நிற்கும் பாறைக் குன்றைத்தான் இந்தப் பக்கம் கரடு என்கிறோம். மண் குறைவு, வெயில் அதிகம். அங்கேயும் உசில், வெட்பாலை, விராலி, சூரை, காரை எல்லாம் தாக்குப்பிடிக்கின்றன. உசில் யாரென்று தெரியவில்லையா? எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது தலைக்குப் போடும் அரப்பு இருக்கிறதே, அதுதான். உசில் இலையைக் காயவைத்து அரைத்தால் அரப்புத்தூள்.

எது வேலம், எது சீமை? குழப்பம் வேண்டாம்

முள் மரம் என்றாலே சீமைக்கருவேலம் என்று வெட்டிவிடும் தவறு பல இடங்களில் நடக்கிறது. பூவையும் காயையும் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கருவேலம்: பூ மஞ்சள் நிறத்தில் உருண்டையாக இருக்கும். காய் மணி கோத்த மாலை மாதிரி, விதைக்கு விதை இடுங்கியிருக்கும்.

வெள்வேல்: அடிமரம் வெளிறியிருக்கும். உருண்டைப் பூக்கள் வெளிர் மஞ்சளாகக் கொத்துக்கொத்தாகப் பூக்கும்.

வன்னி: பூ கதிர் போல நீளமாக இருக்கும். முள் சின்னது. பல சிவன் கோயில்களில் தலமரம். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தலமரமும் வன்னிதான்.

சீமைக்கருவேலம்: இதற்கும் பூ கதிர் போல நீளம்தான். அதனால்தான் வன்னியோடு குழப்பம் வருகிறது. இலையில்லாத காலத்தில் இன்னும் குழப்பும். முள் நீளமாக, வலுவாக இருக்கும். கூட்டம் கூட்டமாக, அடர்த்தியாக வளரும். வன்னி அப்படி வளராது.

சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவுக்கு வந்தது. காயைத் தின்னும் ஆடு மாடுகள் சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. வெட்டினால் மறுபடி துளிர்க்கும். சேலத்துக்குக் குடிநீர் தருவதற்காக உருவாக்கப்பட்ட பனமரத்துப்பட்டி ஏரி, பிற்காலத்தில் சீமைக்கருவேலக் காடாக மாறியது இதற்குக் கண்ணெதிர் சாட்சி. இதுபோன்ற அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது.

அப்புறம் ஏன் குறைகின்றன?

முதல் காரணம், இடமே போய்விட்டது. தரிசு வீட்டுமனையாகிறது. இட்டேரி தார் ரோடாகிறது. ரோடு அகலமாகும்போது இரண்டு பக்க வேலியும் போகும். கிளுவை வேலி ஓர் அடிக்கு மேல் நிலத்தைப் பிடிக்கிறது, அவ்வப்போது வெட்டிச் சீராக்கவும் ஆள் வேண்டும். கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினால் வேலை முடிந்தது. விவசாயி கம்பிக்குப் போவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் கிளுவை போனால் அதன் மேல் படர்ந்த பத்துப் பதினைந்து வகைக் கொடிகளும் சேர்ந்தே போகின்றன.

இரண்டாவது காரணம், களைக்கொல்லி. ஆள் வைத்துக் களை எடுத்த காலத்தில் வரப்புச் செடிகள் தப்பின. மருந்து தெளித்தால் தும்பையும் பூளையும்தான் முதலில் கருகும்.

மூன்றாவது காரணம், கணக்கில் இருக்கும் பெயர். வருவாய்த்துறைப் பதிவேட்டில் இவை தரிசு, புறம்போக்கு. பயன்படாத இடம் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொள்கிறது. மேய்ச்சல் நிலம், குளம் போன்ற கிராமப் பொது இடங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட்டது. பொது நிலம் பிழைத்தால்தான் அதில் இருக்கும் செடியும் பிழைக்கும்.

மருந்தாகச் சாப்பிடலாமா?

ஆவாரம்பூ சர்க்கரைக்கு, சிறுபீளை சிறுநீரகக் கல்லுக்கு என்று வாட்ஸ்அப்பில் தகவல்கள் சுற்றும். சித்த மருத்துவத்தில் இவற்றுக்கு இடம் இருப்பது உண்மை. ஆனால் அளவும் ஆளும் முக்கியம். குன்றிமணி விதை கொடிய விஷம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்?

காப்புக்கட்டுக்குப் பறித்தால் கொத்தை மட்டும் ஒடியுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். பூளைச்செடி விதை உதிர்த்தால்தான் அடுத்த வருஷம் முளைக்கும். கட்டு காய்ந்த பிறகு குப்பையில் போடாமல், ஓரமாக ஒரு மண் தரையில் உதிர்த்துவிடலாம்.

தோட்டம் இருப்பவர்கள் நாலு பக்கமும் கம்பி கட்டினாலும் ஒரு பக்கமாவது கிளுவைப் போத்து நடலாம். மழைக்காலத் தொடக்கம் அதற்கு ஏற்ற நேரம். ஊரில் மரம் நடும் நிகழ்ச்சி வந்தால் அழகுக்கு வைக்கும் மரங்களுக்குப் பதிலாக நீர்மருது, புங்கன், நாவல், வேம்பு, உசில் கேளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர் பதிவேடும் இருக்க வேண்டும். ஊரில் என்னென்ன செடி, எந்த இடத்தில் என்று எழுதிவைக்கும் பதிவேடு அது. உங்கள் ஊராட்சியில் அது இருக்கிறதா, அதில் உங்கள் ஊர் இட்டேரியும் ஏரிக்கரையும் வந்திருக்கின்றனவா என்று கிராம சபையில் கேட்கலாம்.

சுருக்கமாக: எங்கே எது?

மேட்டுக்காடு, தரிசு: ஆவாரை, பூளை, தும்பை, துத்தி, எருக்கு, வெள்வேல், பனை.
வேலி, இட்டேரி: கிளுவை, கள்ளி, கோவை, பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை.
ஏரிக்கரை, ஓடை: நொச்சி, புங்கன், நாவல், நீர்முள்ளி, வல்லாரை, கருவேலம்.
காவிரிக்கரை: நீர்மருது, அத்தி, இலுப்பை, நாவல்.
கரடு: உசில், வெட்பாலை, விராலி, சூரை, காரை.

அடுத்த போகிக்குக் கட்டு வாங்கும்போது விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இது எந்தக் காட்டுல பறிச்சதுங்க?" அவர் சொல்லும் இடம் வருஷா வருஷம் ஊரை விட்டுத் தள்ளிப்போகிறதா என்பதையும் கவனியுங்கள். நம் வீட்டுக்குக் காப்பு கட்டும் செடி, தனக்கென்று ஓர் இடம் இல்லாமல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.