புகையில்லா நெருப்பு

மயிலாப்பூரின் பழைய வீடுகளுக்குக் கொல்லைக் கிணறு ஒரு லட்சணம். அந்தக் கிணறும், பிற்காலத்தில் மொட்டைமாடிக்கு ஏறிய தண்ணீர்த் தொட்டியும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் கொசுவுக்குப் பிரசவ அறைகளாக வாய்த்தமையால், வயலும் வனமும் இல்லாத இந்நகரத்தில் முறைக்காய்ச்சல் பிதிரார்ஜிதச் சொத்துப்போல் தங்கிவிட்டது. 1971இல் நகர மலேரியாத் திட்டம் பிறந்தது இத்தகைய ஊர்களை முன்னிட்டே.

குளிர் நடுக்கத்தோடு வந்தவரின் விரல் நுனியைச் சுருக்கென்று குத்தி, துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டின் ஒருபுறம் தடிப்பாகவும் மறுபுறம் நாக்கு வடிவில் மெலிதாகவும் தேய்த்து, 1944இல் ஜஸ்வந்த் சிங்கும் பட்டாசார்ஜியும் நம் நாட்டிலேயே வகுத்த சாயத்தில் தோய்த்துப் பார்த்தால், சிவப்புக் கல் பதித்த நீல மோதிரம்போல் கிருமி ரத்த அணுவுக்குள் கிடக்கும். இது பிரத்யட்சம்.

பின்னர் வந்த சோதனைப் பட்டையோ அனுமானம். மலேரியாக் கிருமிகளுள் ஒரு வகையான பால்சிபாரம் உமிழும் எச்.ஆர்.பி.2 என்ற புரதம் ரத்தத்தில் இருந்தால் கால் மணி நேரத்தில் ஒரு கோடு தோன்றும். கிருமியை அது காண்பதில்லை, அதன் புகையையே காண்கிறது. 1906இல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் மயிலாப்பூரில் நிறுவிய சம்ஸ்கிருதக் கல்லூரியில் நியாயம் பயின்ற எந்த மாணாக்கனும், புகை இல்லையென்பதால் நெருப்பும் இல்லையென்று சாதிக்க முடியாது, பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டே அதற்குச் சாட்சி என்று சொல்லியிருப்பான். அந்த இரும்புக் குண்டு 2010இல் பெரு நாட்டின் அமேசான் பிரதேசத்தில் அகப்பட்டது: அப்புரதத்துக்குரிய மரபணுவையே உதிர்த்துவிட்ட கிருமி! எரித்ரியாவில் நோய் கண்ட பலருக்கும் கோடு விழாமற்போகவே, அந்நாடு பட்டையையே மாற்ற நேர்ந்தது. நம் நாட்டில் எட்டு மாநிலங்களில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, பால்சிபாரம் கிருமிகளில் 2.4 சதவீதம் இவ்விதம் மரபணு இழந்தவை என்றது. இவ்வாறு நழுவுவன நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் பட்டையை மாற்றுக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி.

சென்னைக்கு இதில் ஒரு விசித்திரமான சௌகரியம் உண்டு. இங்கே பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் என்னும் மற்றொரு வகை. அதற்கு அந்த மரபணு ஆதியிலிருந்தே கிடையாது. ஆகவே எச்.ஆர்.பி.2-ஐ மட்டும் தேடும் பட்டை இவ்வூருக்கு என்றைக்குமே போதியதாக இருந்ததில்லை; இரு வகையையும் காட்டும் பட்டை தேசியத் திட்டத்தில் 2013இல்தான் வந்தது. அடையாற்றை அடுத்த பெசன்ட் நகர் மலேரியா கிளினிக் போன்ற இடங்களில் கண்ணாடித் தகடு செல்வாக்கு இழக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே நுண்ணோக்கிமுன் அமர்பவர், தடித்த பூச்சில் நூறு புலங்களையாவது நகர்த்தி நகர்த்திப் பார்த்த பின்னரே ‘இல்லை’ என்று எழுத வேண்டும்.