சோகத்தை எழுதியது யார்?

மனசு கனமாக இருக்கும்போது சோகப் பாட்டு கேட்பவர்கள் உண்டு. அதே மாதிரி சோகமான புத்தகத்தைத் தேடிப் படிப்பவர்களும் உண்டு. தன்னைப் போல இன்னொருவர் அழுதிருக்கிறார் என்று தெரிந்தாலே பாதி பாரம் இறங்கிவிடும். தன்பாலை நேசிப்பவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் என எல்லோரையும் சேர்த்து இப்போது பால்புதுமையினர் என்கிறார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் அப்படிப்பட்ட புத்தகங்கள் இருக்கின்றனவா? இருக்கின்றன. ஆனால் படிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. இந்தச் சோகத்தை எழுதியது யார்?

முதலில் சொல்ல வேண்டியது கரிச்சான் குஞ்சு எழுதிய 'பசித்த மானிடம்' (1978). கதாநாயகன் கணேசன் சிறுவயதில் வசதியான ஒருவரிடம் சிக்குகிறான். பிறகு தொழுநோய் வந்து, கைவிடப்பட்டு அலைகிறான். துணிச்சலான நாவல்தான். ஆனால் நோயைப் பாவத்தின் சம்பளமாக ஒரு வாசகர் எடுத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. தொழுநோய் என்றதும் வேலூர்க்காரர்களுக்கு கரிகிரி ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். அது தண்டனை அல்ல, நரம்பைத் தாக்கும் கிருமி நோய் என்பது சிகிச்சை நடந்த இந்த ஊர்களுக்கு நன்றாகவே தெரியும்.

தண்டனை முடிவு தமிழுக்கு மட்டும் உரியதல்ல. 1952-ல் அமெரிக்காவில் மேரிஜேன் மீக்கர் 'ஸ்பிரிங் ஃபயர்' என்ற நாவல் எழுதினார். இரண்டு பெண்களின் காதல் கதை. முடிவு சந்தோஷமாக இருக்கக்கூடாது, இருந்தால் தபால் துறை புத்தகத்தைப் பிடித்துவிடும் என்று பதிப்பாளர் தரப்பு சொல்லிவிட்டது. கதாபாத்திரம் அழுதது தபால்காரருக்குப் பயந்து! இங்கிலாந்தில் இ.எம்.ஃபார்ஸ்டர் 1913-14-லேயே 'மாரிஸ்' நாவலை நல்ல முடிவோடு எழுதினார். அது அச்சானது அவர் இறந்த பிறகு, 1971-ல். அவரைப் பயமுறுத்தியது போன்ற ஒரு சட்டத்தைத்தான் ஆங்கிலேயர்கள் 1860-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 377-வது பிரிவாக வைத்தார்கள்.

1994-ல் சு.சமுத்திரத்தின் 'வாடாமல்லி' வந்தது. கல்லூரி மாணவன் சுயம்பு, மேகலையாக மாறும் கதை. கேலிப்பொருளாக மட்டுமே பார்க்கப்பட்டவர்களுக்காகப் பல வாசகர்களைக் கலங்க வைத்தது. ஆனாலும் அது வெளியே நின்று பரிவோடு பார்த்தவர் எழுதியது. அதே 1994-ல் கனடாவில் குடியேறிய ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் 'ஃபன்னி பாய்' எழுதினார். கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஆர்ஜி ஆண்களை நேசிப்பவன். 1983 கலவரத்தில் வீட்டையும் இழக்கிறான். இது உள்ளே இருந்து எழுதிய சோகம்.

தமிழில் அந்தக் குரல் 2000-க்குப் பிறகே பலமாகக் கேட்டது. அ.ரேவதி அரவாணிகளின் வாழ்க்கைகளைத் தொகுத்து 'உணர்வும் உருவமும்' (2004) கொண்டுவந்தார். அவருடைய சுயசரிதை 2010-ல் ஆங்கிலத்தில் முதலில் வெளிவந்து, அடுத்த ஆண்டுதான் 'வெள்ளை மொழி' என்று தமிழுக்கு வந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' 2007-ல் வந்தது. மொழியியலில் எம்.ஏ. படித்தவர், புனேயில் ரயிலில் பிச்சை எடுக்க வேண்டி வந்ததைச் சொல்கிறார்.

இந்தப் புத்தகங்களிலும் அழுகை உண்டு. ஆனால் காரணம் மாறிவிட்டது. உடம்போ விதியோ அல்ல. வீட்டில் விழுந்த அடி, போலீஸ் தொல்லை, கிடைக்காத வேலை. விதியை மாற்ற முடியாது, இவற்றை மாற்றலாம். அதனால்தான் இவற்றைப் படித்து அழுத பிறகு மனசு உடைவதில்லை, கோபம் வருகிறது.

2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவு 377-ன் கீழ் குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கிரீஷ் எழுதிய 'விடுபட்டவை'யும் அதே 2018-ல்தான் வந்தது. தன்னை மறைக்காத தன்பாலீர்ப்பாளர் ஒருவர் தமிழில் எழுதிய புத்தகம். 2022-ல் வேலூர் மாநகராட்சியின் 37-வது வார்டு மக்கள், திருநங்கை கங்காவைக் கவுன்சிலராகத் தேர்ந்தெடுத்தார்கள். தோல் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும் சூழ்ந்த இந்தப் பக்கத்தில், தனியாக உட்கார்ந்து படிக்கும் ஒருவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சோகம் வேண்டுமா? 'பசித்த மானிட'த்தையும் 'வாடாமல்லி'யையும் படியுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல் 'வெள்ளை மொழி' வரை போய்விடுங்கள்.