கயிற்றின் முன்நுனியும் குடிலின் கதவும்: பாறையேற்றத்தில் பாலினமும் இனமும்

பாறையேற்ற வரலாற்றில் பெண்கள், யூதர்கள், கறுப்பர்கள் மூவரையும் 'விலக்கப்பட்டோர்' என்ற ஒரே தலைப்பின்கீழ் வைத்துப் பேசுவதுண்டு. அப்படிச் சேர்த்துப் பேசினால் முக்கியமான ஒன்று கண்ணில் படாமல் போகிறது. பெண்களைப் பற்றிய சச்சரவு பெரும்பாலும் பாறையின் மேலேயே நடந்தது: கயிற்றில் முதலில் ஏறியவர் யார், பெருமை யாருக்கு? இனத்தின் பேரிலான விலக்கு, பாறையடிக்கு வருமுன்பே, உறுப்பினர் பட்டியலிலும் தங்குமிடத்திலும் முடிந்துவிட்டது. முன்னதற்குத் திறமை ஓரளவு பதில் சொன்னது. பின்னதன்முன் திறமை செல்லாக்காசு.

இருவர் ஒரே கயிற்றில் ஏறும்போது முதலில் போகிறவருக்குத்தான் ஆபத்து. பிடி நழுவினால், கடைசியாகக் கயிற்றை மாட்டிய இடத்துக்குக் கீழேயும் அவர் விழ நேரும். பின்னால் வருகிறவரை மேலிருந்து இழுத்துப் பிடித்திருக்கும் கயிறு காத்துவிடும். ஆகவே புகழ் முன்னவருக்கே. 1893-ல் லில்லி பிரிஸ்டோ ஃபிரெஞ்சு ஆல்ப்ஸின் கிரெப்போன் சிகரத்தில் ஏறினார். கூடச் சென்றவர் அதை 1881-ல் முதலில் வென்ற மம்மரி. அந்தக் காலத்தில் வழங்கிய ஒரு கேலியை மம்மரி இதே சிகரத்துக்குப் பொருத்தினார்: எட்டவே முடியாதது என்று தொடங்கும் மலை, கடைசியில் பெண்கள் பொழுதுபோக்காக ஏறும் மலையாகிவிடுமாம்.

இந்தக் கணக்கின் சூட்சுமத்தை நன்கு உணர்ந்தவர் அமெரிக்கரான மிரியம் ஓ'பிரையன். குழுவில் ஓர் ஆண் இருந்தாலே பொறுப்பும் முடிவும் அவர் கைக்குப் போய்விடும் என்பதால், ஆணே இல்லாமல் ஏறுவது என்று தீர்மானித்தார். 1929 ஆகஸ்டில் ஆலிஸ் தாமெம் என்ற தோழியுடன் அதே கிரெப்போனில் ஏறினார். மம்மரியின் பெயரைத் தாங்கிய கடினமான பிளவில் முதலில் ஏறியவர் தாமெம். அன்று மாலையே எட்டியென் புரூல் என்ற மலையேறி புலம்பினாராம்: இரண்டு பெண்கள் தனியாக ஏறிவிட்டதால் கிரெப்போன் மறைந்தே போயிற்று, மானமுள்ள எந்த ஆணும் இனி அதில் ஏறமாட்டான் என்று. 1932-ல் ஓ'பிரையன் குழு மேட்டர்ஹார்னையும் ஏறி முடித்தது.

சங்கங்களின் கதவு பெண்களுக்கும் மூடித்தான் இருந்தது. 1857-ல் லண்டனில் தோன்றிய ஆல்பைன் கிளப், பெண்கள் 1907-ல் தமக்கென அமைத்த சங்கத்தோடு இணைய 1975 வரை ஆயிற்று; சுவிட்சர்லாந்துச் சங்கத்தில் பெண்கள் சேர 1980 வரை. ஆனால் இந்தப் பெண்களில் பெரும்பாலோர் வசதி படைத்தவர்கள். சங்கம் சேர்க்காவிட்டாலும் ரயிலேறிப் போய் விடுதியில் தங்கி மலையேற அவர்களால் முடிந்தது.

யூதர்களின் நிலை வேறு. ஜெர்மன்–ஆஸ்திரிய ஆல்பைன் சங்கம் மலைகளெங்கும் குடில்களைக் கட்டிவைத்திருந்தது. உயரத்தில் பனிப்புயல் பிடித்துக்கொண்டால் குடிலை விட்டால் கதியில்லை. படுக்கையிலும் கட்டணத்திலும் உறுப்பினருக்கே முன்னுரிமை. 1921-ல் எடுவார்ட் பிஹ்ல் தலைமையில் வியன்னாவின் 'ஆஸ்திரியா' கிளை, 'ஆரியர்' மட்டுமே உறுப்பினர் என்ற விதியைக் கொண்டுவந்து யூதர்களை வெளியேற்றியது. வெளியேறியவர்களும் அவர்களுக்குத் துணைநின்றவர்களும் 'டோனாவ்லாந்த்' என்ற கிளையைத் தொடங்கினர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் அதன் உறுப்பினர். 1924 டிசம்பரில் அந்தக் கிளையையே சங்கம் தூக்கியெறிந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். மலையேறிகள் அரசின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை.

திறமையைப் பற்றிச் சொல்வதானால் பால் பிராய்ஸ் ஒருவரே போதும். யூதத் தந்தையின் மகன். பின்னர் புராட்டஸ்டண்டாக மாறியவர். 1911-ல் டோலமைட் மலையின் கம்பானிலே பாஸ்ஸோ கோபுரத்தின் கிழக்கு முகத்தில் கயிறில்லாமல் தனியே ஏறி, அதேபோல் இறங்கியும் வந்தார். பாறையில் இரும்பு முளை அடித்து ஏறுவது கூடாது என்று வாதிட்டு அந்தத் தலைமுறையையே சிந்திக்கவைத்தவர். 1913-ல், 27 வயதில், தனியே ஏறும்போது விழுந்து இறந்தார். நாஜிகள் காலத்தில் அவர் பெயரே இருட்டடிப்புச் செய்யப்பட்டது.

அட்லாண்டிக்குக்கு அப்பாலும் அடைப்பு இதே இடத்தில்தான். வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் ஓல்ட் ராக் என்ற மலை, கிரானைட் பாறையேறிகள் நாடிவரும் இடம். அந்தப் பூங்கா 1939-ல் லூயிஸ் மவுண்டன் என்ற முகாமைக் கறுப்பர்களுக்கென ஒதுக்கி, அதைப் பலகையிலும் எழுதிவைத்தது. பிரிவினை ஒழிய 1940களின் இறுதி ஆயிற்று. இரவு எங்கே தங்கலாம் என்பதே கேள்வியாக இருந்தவர்களிடம், பாறைமேல் ஏன் அவர்களைக் காணவில்லை என்று பிற்காலத்தில் கேட்டது விந்தைதான். சார்லஸ் கிரென்ஷா 1964 ஜூலையில் அலாஸ்காவின் டெனாலி மலை உச்சியை அடைந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கரானார். நிறப் பிரிவினையைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தாகிச் சில நாட்களே ஆகியிருந்தன.

கலிஃபோர்னியாவின் யோசமிட்டிப் பள்ளத்தாக்கில் பெண்களின் பழைய வழக்கு வேறு உருவில் தொடர்ந்தது. 1973-ல் பெவர்லி ஜான்சனும் சிபில் ஹெக்டெலும் எல் கேப்பிட்டன் என்ற செங்குத்துப் பாறையில் ஏறிய முதல் பெண்கள் குழுவாயினர். 1993-ல் லின் ஹில் அங்கே 'நோஸ்' வழியை, கயிற்றை விழுந்தால் தாங்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, கைகால் பிடியாலேயே ஏறிமுடித்தார். அதற்குமுன் ஆணோ பெண்ணோ எவரும் அப்படிச் செய்ததில்லை. மறு ஆண்டு அதையே ஒரே நாளுக்குள் செய்தார்; இன்னொருவர் அதைச் செய்ய 2005 ஆயிற்று. அப்படியும், ஹில்லின் விரல் மெலிதாக இருந்ததால் குறுகிய பிளவில் நுழைந்தது என்று விளக்கம் சொன்னவர்கள் இருந்தார்கள். நெட்டையான ஆண்கள் எட்டிப் பிடிக்கும் பிடிகள் குள்ளமான அவருக்கு எட்டாது என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை.

நம் காலத்தில் கதவைத் திறக்கும் வேலை நகரத்து உள்ளரங்குகளில் நடக்கிறது. 2018-ல் மெம்ஃபிஸின் கறுப்பர் பகுதி ஒன்றில் திறக்கப்பட்ட 'மெம்ஃபிஸ் ராக்ஸ்' அரங்கில், முடிந்ததைக் கொடுத்தால் போதும். 2020-ல் பாறை வழிகளின் இனவெறிப் பெயர்கள் மீது கண்டனம் எழுந்து, பல பெயர்கள் மாற்றப்பட்டன. முதலில் ஏறியவரே பெயரிடுவார் என்ற மரபு அதுவரை பெரும்பாலும் கேள்வியற்று நின்றிருந்தது.

வயோமிங்கின் டெவில்ஸ் டவர் பாறையில் கேள்வியே தலைகீழாகிறது. லக்கோட்டா முதலான பூர்வகுடிகளுக்கு அது வழிபாட்டிடம். அவர்களுடைய சடங்குகள் நடக்கும் ஜூன் மாதத்தில் ஏறவேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் 1995 முதல் கேட்டுக்கொள்கிறது. வணிக வழிகாட்டிகளுக்கு அந்த மாதம் அனுமதி மறுக்கும் திட்டப் பகுதி வழக்கில் சிக்கிக் கைவிடப்பட்டது. வேண்டுகோள் மட்டும் நிலைத்தது. முதல் ஆண்டில் பெரும்பாலோர் விலகிநின்றனர். பின்னர் ஜூன் ஏற்றங்கள் மறுபடி கூடின. அந்த வேண்டுகோளுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை.