குடும்பமும் குடித்தனமும்: மும்பைத் தமிழர் வாழிடங்களில் ஒரு சொல்வரலாறு

1. முன்னுரை

ஆங்கிலச் சமூகவியலில் ‘ஃபேமிலி’, ‘ஹவுஸ்ஹோல்டு’ என இரண்டு கலைச்சொற்கள் உள்ளன. முன்னது உறவைக் குறிக்கும். பின்னது உடனுறைதலைக் குறிக்கும். தமிழ் மொழிபெயர்ப்புகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் ‘குடும்பம்’ என்றே தரப்படுகின்றன. இதனால் எழும் பொருள் மயக்கத்தை மும்பைத் தமிழர் வாழிட வரலாற்றின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குஜராத்தின் மகுவா என்னும் சிறுநகரை ஆராய்ந்த ஐ. பி. தேசாய் (1964), தனித்தனியே வாழும் சகோதரர்களும் சொத்தாலும் கடமைகளாலும் கூட்டுக்குடும்பமாகவே இயங்கக்கூடும் என்று காட்டினார். ஏ. எம். ஷா (1973) உறவமைப்பையும் உறைவமைப்பையும் வேறுபடுத்த வேண்டியதன் தேவையை வலியுறுத்தினார். தமிழ் வழக்கில் இவ்வேறுபாடு முன்பே உள்ளது. ‘குடி’ என்பதுடன் ‘தனம்’ என்னும் விகுதி சேர்ந்த ‘குடித்தனம்’, இல்லம் நடத்துதலையும் வாடகைக்கு இருத்தலையும் குறிக்கிறது. ‘தனிக்குடித்தனம் வைத்தார்கள்’ என்பதற்குக் குடும்பம் பிரிந்தது என்று பொருள் அன்று. அடுப்பு பிரிந்தது என்பதே பொருள்.

2. மூன்று வாழிடங்கள்

1896இல் பம்பாயில் பரவிய பிளேக் நோயின் விளைவாக, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைந்தது. தாதர்–மாட்டுங்கா விரிவாக்கம் அதன் திட்டங்களுள் ஒன்று. எழுத்தர் பணிக்கு வந்த தென்னிந்தியர் பலர் மாட்டுங்காவில் குடியேறினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் நிறுவப்பட்டது. மனைவியை ஊரில் விட்டு வந்தவர்கள் அறையைப் பகிர்ந்துகொண்டு, மெஸ்ஸில் மாதக் கணக்கில் உண்டனர். இவர்களுக்குக் குடும்பம் ஊரில் இருந்தது. குடித்தனம் எங்கும் இல்லை. ‘குடும்பத்தை அழைத்து வருதல்’ என்னும் தொடரில் குடும்பம் என்பது மனைவி மக்களை மட்டும் சுட்டுவதை நோக்குக.

தாராவியில் திருநெல்வேலிப் பகுதியினர் தோல் பதனிடும் தொழிலை ஒட்டியும் பிற கூலி வேலைகளுக்காகவும் குடியேறினர். நெல்லை வழக்கில் பல வீடுகள் சேர்ந்த சுற்றடைப்பு ‘வளவு’ எனப்படும். மும்பையில் அதற்கு நிகரான அமைப்பு மராத்தி வழி வந்த ‘சால்’ ஆயிற்று. அதன் ஓரறை ‘கோலி’ ஆயிற்று. ஒரே கோலியில் பெற்றோர், மணமான மகன், மணமாகாத தம்பி ஆகியோர் வாழ்தலும், இடம் போதாமல் மேல்தளம் எழுப்பி மகன் குடித்தனம் வைத்தலும் பரவலான முறைகளாகும்.

செம்பூரில் உள்ள திலக் நகர் வேறு வகையைச் சார்ந்தது. இது வீட்டுவசதி வாரியம் அமைத்த குடியிருப்பு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பம்பாய் வாரியத்தின் மரபில், 1977 முதல் மகாராஷ்டிர வீட்டுவசதி ஆணையமான ‘மாடா’ இத்தகைய குடியிருப்புகளின் பொறுப்பை ஏற்றது. இங்குள்ள வீடுகள் சிறியவை. பெற்றோரும் மக்களும் மட்டும் வாழ்வதற்கு உரிய அளவின. மகனுக்குத் திருமணமானால் ஒரு குடித்தனம் வெளியேறியாக வேண்டும். பல கட்டடங்கள் அண்மைக் காலத்தில் இடிக்கப்பட்டு உயர்மாடிகளாக மாறியுள்ளன.

3. அரசின் அளவுகோல்கள்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பொது அடுப்பை அடிப்படையாகக் கொள்கிறது. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் உண்பவர்கள் ஓர் அலகு. அவர்களுக்குள் உறவு இருக்க வேண்டும் என்பதில்லை. இது ‘குடித்தனம்’ என்னும் சொல்லோடு நெருக்கமாகப் பொருந்துகிறது. ஒரே கோலியில் அண்ணனும் தம்பியும் தனித்தனியே உலை வைத்தால், வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு.

வாடகைச் சட்டத்தின் நோக்கு வேறு. 1947ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1999ஆம் ஆண்டுச் சட்டமும், வாடகைதாரர் இறக்கும்போது அவருடன் வசித்த குடும்ப உறுப்பினருக்குக் குடியுரிமைத் தொடர்ச்சி அளிக்கின்றன. இங்கு உறவும் உறைவும் ஒருங்கே தேவை. வயதுவந்த பிள்ளைகள் பெற்றோருடனேயே தங்கியிருப்பதைப் பாசத்தால் மட்டும் விளக்க முற்படுவோர் இச்சட்டக் காரணத்தையும் கருத வேண்டும்.

1995 முதல் நடைமுறையில் உள்ள குடிசைச் சீரமைப்புத் திட்டத்தின் அலகோ மூன்றாவது வகை. அது எண்ணுவது உறவையும் அன்று, அடுப்பையும் அன்று, கட்டுமானத்தை. ஒரு குடிசையில் எத்தனை குடித்தனங்கள் இருப்பினும், தகுதி பெற்றால் கிடைப்பது ஒரு வீடே. மார்ச் 2024இல் தாராவியில் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கியது. அங்குத் தரைத்தளத்தாருக்கும் மேல்தளத்தாருக்கும் ஒரே வகை உரிமை இல்லை. மேல்தளத்தில் தனி அடுப்பு வைத்திருக்கும் மகன், கணக்கெடுப்பில் தனி அலகாக எண்ணப்படலாம். வீட்டுரிமையில் தரைத்தளத்தாருக்கு நிகராக எண்ணப்படுவதில்லை.

4. முடிவுரை

மேற்கண்டவற்றால் உறவு, அடுப்பு, கட்டுமானம் ஆகியன மூன்று வெவ்வேறு அலகுகள் என்பது புலனாகிறது. அவற்றை முறையே ‘குடும்பம்’, ‘குடித்தனம்’, ‘வீட்டுக் கட்டுமானம்’ என வழங்குவது பொருத்தமாகும். குடித்தனம் பேச்சுவழக்குச் சொல் என்று ஒதுக்கத் தேவையில்லை. துல்லியம் அதனிடமே உள்ளது. ‘குடும்பத்துக்கு ஒரு வீடு’ என்று விதியொன்று தவறாகத் தமிழாக்கப்படுமானால், அதை நம்பும் தம்பி தனக்கும் ஒரு வீடு உண்டு என எண்ணிக் கையொப்பமிடக்கூடும். அங்கே மொழிபெயர்ப்பாளரின் பிழை நடைப்பிழையாக நின்றுவிடாது. ஒரு குடித்தனத்தின் இருப்பிடத்தையே பாதிக்கும்.