தோளில் ஏறிய ஆட்டுக்குட்டி

ஆங்கில இலக்கியம் படிக்க வரும் மாணவன் முதலில் மனப்பாடம் செய்வது கேரக்டர் ஸ்கெட்ச். புரூட்டஸ் நேர்மையாளன், மக்பெத் பேராசையால் அழிந்தவன் என்று நோட்ஸில் உள்ளதைத் தேர்வுத் தாளில் இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவான். நாகர்கோவிலில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்த எனக்கு, வீரம் எது, ஒருவன் குணம் எதில் வெளிப்படும் என்று விளக்க அந்த நோட்ஸ் ஒருநாளும் போதவில்லை. கவிமணியைத்தான் துணைக்கு அழைப்பேன். அவர் பிறந்து 150 ஆண்டு ஆவதையொட்டி வரும் இம்மலரில் அந்த நன்றியைச் சொல்ல வேண்டும்.

தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, எட்வின் ஆர்னால்டின் 'தி லைட் ஆஃப் ஏசியா' என்ற காவியத்தைத் தழுவிப் பாடியதே 'ஆசிய ஜோதி'. ஆர்னால்டு புனே டெக்கான் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். காவியம் 1879-இல் வெளிவந்தது. எட்டுப் பகுதிகள், இயைபில்லாத நீண்ட அடிகள். கவிமணி அதை முழுவதும் பெயர்க்கவில்லை. எவற்றை எடுத்தார் என்பதில்தான் அவருடைய வாசிப்பு தெரிகிறது.

அப்படி அவர் எடுத்த காட்சிகளில் ஒன்று: மந்தை ஒன்று வெயிலில் புழுதி கிளப்பிப் போகிறது. குட்டி ஒன்றுக்குக் கால் ஊனம். தாய் ஆடு முன்னே போகும் குட்டிக்கும் பின்தங்கிய குட்டிக்கும் நடுவே தவித்து ஓடுகிறது. புத்தர் நொண்டிக் குட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தாயோடு நடக்கிறார். குகையில் அமர்ந்து உலகத் துயரை எண்ணிக்கொண்டிருப்பதைவிட ஓர் உயிரின் துயரைத் தீர்ப்பது குறைந்ததல்ல என்பது அவர் எண்ணம். மந்தை போகுமிடம் மன்னன் பிம்பிசாரன் வேள்விச்சாலை என்று பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. அங்கே ஓங்கிய கத்தியின் முன் நின்று, பலியாட்டின் கட்டை அவிழ்க்கிறார். தடுக்க ஒரு கையும் நீளவில்லை. அரசவையை அடக்கிய அந்தத் துணிவு, வழியில் குட்டியைத் தூக்கியபோதே தொடங்கிவிட்டது. குணச்சித்திரம் கற்க இதைவிட நல்ல பாடம் நான் கண்டதில்லை.

1841-இல் வெளிவந்த நூலில் தாமஸ் கார்லைல் வீரர்களை வரலாற்றை நடத்துவோராகக் கண்டார். தொல்காப்பியமோ வீரத்தின் மெய்ப்பாடான பெருமிதம் பிறக்கும் இடங்களாகக் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என நான்கைச் சொல்கிறது. போர்க்களம் அதில் ஒரு மூலையில்தான் அடங்கும். இந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கும் தமிழ் மாணவன், ஆங்கிலக் காவியத்துக்கு வெறுங்கையோடு போகவேண்டியதில்லை.

கவிமணிக்கு முன்னரே இப்படிப் படித்தவர் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. லிட்டன் பிரபு எழுதிய கதையொன்றைக் கொண்டு அவர் 1891-இல் தந்த 'மனோன்மணீய'த்தில், பாண்டியனுக்கும் சேரனுக்கும் பகை மூள்வது நம் நாஞ்சில் நாட்டைப் பற்றித்தான். பாண்டியன் ஜீவகனின் குற்றம் தீமையன்று, ஆளறியாமல் நம்பியது. அவனை ஏமாற்றும் அமைச்சன் குடிலனைப் படித்தவனுக்கு ஷேக்ஸ்பியரின் இயாகோ பாதி விளங்கிவிடும்.

ஆனால் என் மனம் திரும்பத் திரும்பப் போவது 'ஆசிய ஜோதி'யில் வரும் ஏழைச் சிறுவனிடம். நோன்பால் மயங்கிக் கிடக்கும் புத்தருக்குத் தழை நட்டு நிழல் செய்கிறான் ஓர் ஆட்டிடையன். தன் கை பட்டால் தீட்டு என்று அஞ்சி, ஆட்டின் மடியிலிருந்தே பாலை அவர் வாயில் பீய்ச்சுகிறான். கண் விழித்தவர், அவன் கலத்திலேயே பால் கேட்கிறார். தான் தாழ்ந்த குலம் என்று பின்வாங்கும் சிறுவனுக்கு, குருதியிலும் கண்ணீரிலும் சாதி ஏது என்று விடை வருகிறது.

இந்தக் காட்சியைத் தமிழில் கொடுத்தவரின் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது சுசீந்திரம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று கேட்டு 1926-இல் அங்கே சத்தியாகிரகம் நடந்தது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936-இல். 'ஆசிய ஜோதி' நூலாக வந்தது 1941-இல். அன்று இதைப் படித்த நாஞ்சில் நாட்டுக்காரருக்குப் புத்தர் மயங்கிக் கிடந்த பீகார்க் காடு தொலைவில் இருந்திருக்காது.

வகுப்பில் புத்தரைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் எழுதுவார்கள். நான் அந்தச் சிறுவனைப் பற்றி எழுதச் சொல்வேன். தீட்டு என்று தனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதை நம்பிக்கொண்டே, சாகக் கிடந்தவரை விட்டுப் போகாமல் ஒரு வழி கண்டுபிடித்தானே, அந்தக் கையைப் பற்றி.